ரூ காயில் ஒரு பிரஷ்ய மேஜர்

கற்பூரப் புகை விலகியதும் எனக்கு முதலில் தெரிந்தது மீசை. அதன் பிறகு பித்தளைப் பொத்தான்கள். அதற்கும் பிறகு, குழந்தையை ஏந்துவதுபோல் இடக்கையில் ஏந்திய, உச்சியில் கூர் வைத்த தலைக்கவசம்.

இடம், பாரிசில் ரூ காயில் என்ற தெருவில் புவனேந்திரனின் பலசரக்குக் கடை. கல்லாவுக்குப் பின்னால், பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவே, எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய இராணுவ அதிகாரி ஒருவர் தொங்கினார். நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் செவ்வந்தி மாலை. புவனேந்திரனின் மனைவி சாந்தி அவருக்குத் தட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, அதே தட்டை என்னிடம் நீட்டினார்.

நான் தொட்டுக் கும்பிட்டேன். கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அலுவலகம் எதுவாக இருந்தாலும் முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகு விசாரிப்பதே என் வழக்கம்.

“ஆர் சாந்தி இவர்?”

“தெரியாதோ அண்ணை? பிரான்சின்ரை ஜெனரல். நீங்கள் மகன் வீட்டை போயிருந்த நேரம் என்ரை மனிசன் பழஞ்சாமான் சந்தையிலை வாங்கிக்கொண்டு வந்தவர்.”

வெங்காய மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் புவனேந்திரன் வந்தார். முகத்தில் பரீட்சை பாஸான களை.

“அண்ணை, அந்தத் தொப்பியைப் பாத்தீங்களோ? கோயில் கலசம் மாதிரி. சும்மா ஆளுக்கு இப்பிடிக் குடுப்பினமோ?”

சட்டத்தின் அடியில் சிறிய பித்தளைத் தகடு ஒன்று சந்தனத்தில் புதைந்திருந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினேன். எழுத்து ஜெர்மன். எனக்குப் பின்னால் கோப்புறையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண், “ஐயா, கும்பிட்டு முடிஞ்சுதெண்டால் கொஞ்சம் விலகுங்கோ” என்றார். விலகினேன்.

என் ஆலோசனையின் விளைவு

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் தொழில் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞனாகத் தொடங்கி, பாரிசில் மொழிபெயர்ப்பாளனாக ஓய்வுபெற்றவன். இங்கே லா ஷப்பல் வட்டாரத்தில் எங்கள் ஆட்களுக்கு எந்த விண்ணப்பம் எந்த யன்னலுக்குப் போகும், எந்தப் பத்திரத்துக்கு எத்தனை பிரதி வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வுக்குப் பிறகும் அது மறக்கவில்லை. மறந்தாலும் சனம் விடுவதாக இல்லை.

ஊரில் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆன காலம் அது. அகதிக் கடவுச்சீட்டில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று எழுதியிருக்கும். அதாவது, போக விருப்பமில்லாத எல்லா நாடுகளுக்கும் போகலாம். ஊருக்குப் போக வேண்டுமானால் பிரெஞ்சுக் குடியுரிமை, எங்கள் ஆட்களின் வாயில் நசனலித்தே, எடுக்க வேண்டும்.

புவனேந்திரனுக்கு ஊரில் இருந்தது ஒரே ஒரு ஆள், பருத்தித்துறையில் அவருடைய அக்கா. தாய் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர். ஒரு நாள் ரெலிபோனில் அக்கா சொன்னாராம்: “ஒரு கண் பார்வை போட்டுது. மற்றது நல்லாய்த் தெரியுது. அதுவும் போறதுக்கு முதல் வந்தால் உன்னைப் பாப்பன். பேந்து வந்தால் தடவித்தான் பாக்க வேணும்.”

அதற்குப் பிறகு மனிசன் நித்திரை கொள்ளவில்லை.

அவருடைய முதல் விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. நாட்டின் வரலாறு பற்றிய அறிவு போதாது என்று காரணம் எழுதியிருந்தார்கள். நியாயமான காரணம். பிரெஞ்சுப் புரட்சி எப்போது நடந்தது என்று கேட்டதற்கு, “நான் இஞ்சை வாறதுக்கு முதல்” என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது நான் சொன்னேன்: “புவி, இந்த நாட்டு வரலாற்றிலை உமக்கு ஒரு ஈடுபாடு இருக்குதெண்டு அவைக்குத் தெரிய வேணும்.”

புத்தகம் வாசிக்கும்படிதான் சொன்னேன். அவர் வரலாற்றையே விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டார். விசாரணைக்கு ஆள் கடைக்கு வந்தால் முதலில் படம்தானே கண்ணில் படும் என்பது அவர் கணக்கு.

பொட்டும் மாலையும்

படத்தை மாட்டியது புவனேந்திரன். மாலை போட்டது சாந்தி. அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. இறந்தவரின் படம் சுவரில் வெறுங்கழுத்தோடு தொங்கக்கூடாது. அது சொந்தக்காரனா, வேற்று ஆளா என்பது இரண்டாம் பட்சம்.

மாலை போட்டால் பொட்டு வைக்க வேண்டும். பொட்டு வைத்தால் விளக்கு வேண்டும். விளக்கு எரிந்தால், கடைக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்க வருகிறவர்கள் கும்பிடாமல் போவார்களா?

முதலில் கும்பிட்டவர் ஒரு தாய். மகன் சாரதிப் பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருந்தான். அந்த முறை பாஸாகிவிட்டான். அடுத்து, வதிவிட அட்டை புதுப்பிக்கப் போன ஒருவர் முதல் தடவையிலேயே அட்டையோடு வந்தார். வழக்கமாக என்னிடம் வந்து, நான் சொன்ன பத்திரத்தை மறந்து, திரும்பவும் என்னிடம் வருகிறவர் அவர். அந்த முறை நேரே மீசை ஐயாவிடம் போயிருக்கிறார்.

ஆம், பெயரும் வைத்துவிட்டார்கள். மீசை ஐயா.

பக்கத்துத் தெருவான ரூ பஜோலில் உள்ள பிள்ளையார் கோயிலின் தேர் அந்த ஆவணியில் வந்தபோது, கடை வாசலில் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்களில் இரண்டு உள்ளே இருந்தவருக்கு என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சற்று மனவருத்தம். இத்தனை வருஷம் இந்தத் தெருக்களில் கோப்புப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒருவரும் தேங்காய் உடைத்ததில்லை.

பாசறையில் படித்த ஜெர்மன்

எனக்கு எப்படி ஜெர்மன் தெரியும் என்று கேட்பீர்கள்.

எங்கள் ஆட்கள் பலரைப்போல நானும் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவன். மேற்கே கடந்ததும் எங்களை ஒரு சிறு நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அகதி முகாமாக இருந்தது, ஜெர்மனி ஒன்றாவதற்கு முன்பிருந்த பிரஷ்ய அரசின் பழைய பாசறை. தடித்த செங்கல் சுவர், குதிரைக்குக் கட்டிய அகலத்தில் வாசல்கள், மனிதருக்குக் கட்டியதாக நம்ப முடியாத கழிவறைகள்.

கட்டடத்தின் குணம் காவலாளிக்கும் தொற்றியிருந்தது. காலைப் பாண் ரொட்டிக்கு ஒரு வரிசை, வெண்ணெய்க்கு வேறு வரிசை. பாண் வரிசையில் நின்றுகொண்டு வெண்ணெய் கேட்டால், மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். மற்றவர்கள் அவரைத் திட்டினார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. விதி தெரிந்த மனிதன் எங்கிருந்தாலும் எனக்குச் சொந்தக்காரன். அவரோடு வாதாடுவதற்காகவே ஜெர்மன் படித்தேன். வெண்ணெய் கிடைக்கவில்லை. மொழி கிடைத்தது.

ஆகவே தகட்டில் இருந்த பெயரையும் படைப்பிரிவின் எண்ணையும் குறித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அந்தப் படைப்பிரிவின் வரலாற்றை யாரோ ஒரு ஓய்வுபெற்றவர் எழுதி வைத்திருந்தார். ஓய்வுபெற்றவர்கள் இல்லாவிட்டால் உலகத்தில் ஒன்றும் பதிவாகாது. அதில் எங்கள் மீசை ஐயாவுக்கு ஒன்றரைப் பக்கம் கிடைத்திருந்தது.

மேஜரின் சேவை விபரம்

பெயர் ஃபொன் கிரெல்லோ. பொமரேனியா என்ற கடற்கரைச் சீமையில், மணலும் உருளைக்கிழங்குமாக இருந்த ஒரு பண்ணையில் மூன்றாவது மகன். மூத்தவனுக்குப் பண்ணை, இரண்டாமவனுக்குத் தேவாலயம், மூன்றாமவனுக்கு இராணுவம் என்பது அங்கே ஒழுங்கு. எங்கள் ஊரில் மூத்தவன் டொக்டர், இரண்டாமவன் எஞ்சினியர், மூன்றாமவன் வெளிநாடு.

மீசை அரும்புவதற்கு வெகுகாலம் முன்பே இராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு மிகக் கீழ்ப்படியில் ஓர் அதிகாரி. அதே பதவியில் வெகுகாலம்.

கல்யாணம் செய்ய விரும்பினார். பிரஷ்ய அதிகாரி கல்யாணம் செய்வதென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். பெண்ணின் குடும்பம் எப்படிப்பட்டது, தகப்பன் என்ன செய்கிறார், அந்தஸ்து பொருந்துமா என்று படைப்பிரிவே விசாரிக்கும். இதை வாசித்தபோது, பிரஷ்யா யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அனுமதி கிடைப்பதற்குள் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அனுமதிக் கடிதம் அதற்குப் பிறகு ஒழுங்காக வந்து சேர்ந்தது.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்திய பெரிய பிரஷ்ய-பிரெஞ்சு யுத்தத்தில் பிரஷ்யர்கள் பாரிசைச் சுற்றி வளைத்தார்கள். கிரெல்லோவின் பிரிவு நின்ற இடம் பாரிசின் புறநகரான திரான்சி. புவனேந்திரன் குடியிருக்கும் அதே திரான்சி. எங்கள் ஆள் தினமும் ரயிலில் கடக்கும் தூரத்தைக் கடக்க, அவர் ஒரு மாரிகாலம் முழுவதும் காத்திருந்தார்.

துப்பாக்கி சுட்டதாகக் குறிப்பு இல்லை. அவருக்குக் கொடுத்த பொறுப்பு வைக்கோலும், நாங்கள் கோவா என்று சொல்லும் முட்டைக்கோசும்.

பாரிஸ் பணிந்தது. நகரத்துக்குள் அணிவகுத்துப் போகத் தெரிவானவர்களில் கிரெல்லோவும் ஒருவர். புறப்பட இருந்த காலை, கோவா வண்டில் ஒன்றைச் சரிபார்க்க ஏறியவர், சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். படை பாரிசுக்குள் போனது. அவரை வைக்கோலில் கிடத்தி ஊருக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு அவர் செய்த யுத்தம் முழுவதும் மேசைகளோடு. கோவா வண்டிலில் இருந்து விழுவது போர்க்காயமா, சாதாரண விபத்தா? மனு மேல் மனு. ஒரு கந்தோர் அடுத்த கந்தோருக்கு அனுப்பும். அது திருப்பி அனுப்பும். கடைசியில் ஓய்வுபெறும் நாளில் மேஜர் என்று பட்டம் கொடுத்தார்கள். பதவி அல்ல, பட்டம் மட்டும். அந்த அதிகாரத்தால் ஒரு குதிரையைக்கூட நகர்த்த முடியாது. ஆனால் படம் வரையலாம்.

வரைந்திருக்கிறார்.

திரை

நேர்காணல் திகதி வந்துவிட்டது. இனி மறைப்பது முறையல்ல என்று மேஜரின் கதை முழுவதையும் கடையில் வைத்தே சொன்னேன். புவனேந்திரன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப இவர் எதிரியோ அண்ணை?”

“ஓம். பாரிசைச் சுத்தி வளைச்ச ஆக்களுக்குக் கோவா குடுத்தவர்.”

“நசனலித்தே கேக்கிறவன் எதிரிக்குக் கற்பூரம் காட்டிறான் எண்டு எழுதினாங்கள் எண்டால் என்ரை தொசியேக் கோப்பு அவ்வளவுதான். அக்காவைத் தடவித்தான் பாக்க வேணும். சாந்தி, கழட்டு உந்தப் படத்தை.”

“கழட்ட ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“மாலை போட்டாச்சு. போட்ட ஆளை இறக்கி எங்கை வைக்கிறது, மிளகாய்த்தூள் பெட்டியோடையோ? அவர் ஆருக்கு என்ன கெடுதல் செய்தவர்? அந்தப் பிள்ளைக்கு லைசன்ஸ் எடுத்துக் குடுத்தவர்.”

“அவர் ஜெர்மன்காரனடியப்பா.”

“பிரெஞ்சுக்காரர் எத்தினை பேர் இந்தத் தெருவாலை போகினம். ஆராவது லைசன்ஸ் எடுத்துக் குடுத்தவையோ?”

முறைப்படி இறக்க வழி உண்டா என்று குருக்களுக்குப் போன் எடுத்தோம். அவர் அமைதியாகக் கேட்டார்: “ஒரு திவசத்தைக் குடுத்துப்போட்டு இறக்கலாம். இறந்த திதி என்ன?”

படைப்பிரிவு வரலாறு மேஜரை ஓய்வுபெற வைத்ததோடு கைகழுவிவிட்டது. எப்போது இறந்தார் என்று அதில் இல்லை. திதி இல்லாமல் திவசம் இல்லை. திவசம் இல்லாமல் இறக்கம் இல்லை. என் வாழ்நாளில் ஒரு கோப்பு இவ்வளவு சுத்தமாக அடைபட்டு நான் கண்டதில்லை.

கடைசியில் புவனேந்திரன் படத்துக்கு முன்னால் கடைக் கலண்டரைத் தொங்கவிட்டார். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம். சாந்தி காலையும் மாலையும் கலண்டரை விலக்கிக் கற்பூரம் காட்டினார். மூலஸ்தானத் திரை விலகுவதுபோல இருந்தது. முன்பு போகிற போக்கில் கும்பிட்டவர்கள், இப்போது திரை விலகும் நேரம் கேட்டு வந்து காத்து நின்றார்கள்.

இதற்கிடையில் புவனேந்திரனுக்குப் பாடம் எடுத்தேன். குடியரசின் மூன்று வார்த்தைகள், கொடியின் நிறங்கள், புரட்சி, அரசும் மதமும் பிரிந்த கதை. அவருடைய கண் கலண்டரிலேயே இருக்கும்.

“விளங்குதோ புவி?”

“ஓம் அண்ணை. அது கிடக்கட்டும், அந்தப் பெட்டை ஆரைக் கட்டினது?”

“எந்தப் பெட்டை?”

“மேஜருக்குப் பேசின பெட்டை.”

இன்னொரு நாள், “மாரி முழுக்கத் திரான்சியிலையோ நிண்டவர்? சரியான குளிரல்லோ அங்கை” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரேயொரு விஷயத்தை மட்டும் கடுமையாகச் சொல்லி வைத்தேன்: “ஊருக்குப் போறதுக்குத்தான் நசனலித்தே எண்டு வாய் திறந்து சொல்லக் கூடாது. குடியரசிலை பற்று எண்டுதான் சொல்ல வேணும்.”

நேர்காணல்

அன்று பின்னேரம் கடைக்குள் வந்தவர் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணை, எல்லாம் மறந்து போச்சு.”

“எல்லாம் எண்டால்?”

“நீங்கள் சொல்லித் தந்த எல்லாம். கொடி மட்டும் சொன்னனான். அது அவவின்ரை மேசையிலை நிண்டது.”

நேர்காணல் செய்த அம்மா நல்லவராம். தண்ணீர்கூடக் கொடுத்திருக்கிறார். பிறகு, வரலாற்றில் உங்கள் மனதைத் தொட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாராம்.

“வாயைத் திறந்தன் அண்ணை. பொட்டோடை அந்த முகம்தான் வந்தது.”

“எந்த முகம்?” என்றேன், தெரிந்துகொண்டே.

“மேஜர்.”

சாந்தி பருப்பு நிறுப்பதை நிறுத்தினார்.

“மேஜரைச் சொன்னீரோ?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் சொன்னன். கலியாணக் கடுதாசி பிந்தி வந்தது, குளிருக்கை நிண்டது, கோவா வண்டிலாலை விழுந்தது. அவ பேனையைக் கீழை வைச்சிட்டா. ‘முசியே, அவர் எங்களுக்கு எதிரியெல்லோ’ எண்டு கேட்டா. ஓம் மேடம், ஆனால் அவரும் திரான்சி, நானும் திரான்சி எண்டன். பாரிசுக்கை வந்தவரோ எண்டு கேட்டா. இல்லை மேடம், கிட்ட வந்து திரும்பிப் போனவர் எண்டன்.”

“அதோடை நிப்பாட்டினீரோ?”

அவர் தரையைப் பார்த்தார். “அவருக்குக் கால் முறிஞ்ச உடனை வீட்டை போகக்கூடியதாய் இருந்தது மேடம், எனக்கு உங்கடை பாஸ்போட் கிடைச்சால்தான் வீட்டை போகலாம் எண்டு சொல்லிப்போட்டன். அக்காவின்ரை கண்ணையும் சொன்னனான்.”

சொல்லக்கூடாது என்று நான் சொன்ன ஒரேயொரு விஷயம்.

நான் என் அனுபவத்தில் இருந்து தீர்ப்புச் சொன்னேன்: கோப்பு முடிந்தது, மறுப்பு வரும், மேன்முறையீட்டை இப்போதே எழுதத் தொடங்கலாம். சாந்தி போய்க் கலண்டரை விலக்கினார். புவனேந்திரன் படத்துக்கு முன் நின்றார். கும்பிடவில்லை. வேலை போன இரண்டு பேர் சந்தித்ததுபோல இருந்தது.

மேன்முறையீட்டை மிக நன்றாக எழுதினேன். என் ஓய்வுக்காலத்தின் சிறந்த கடிதம் அதுதான். அனுப்பத் தேவை வரவில்லை. அடுத்த வருஷம் மாரி முடியும் நேரத்தில், குடியுரிமை வழங்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அந்த அம்மா என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட பதிலுக்குக் குடியுரிமை கிடைக்க என் முறைகள் எதிலும் இடமில்லை.

கலண்டரைக் கழற்றி எறிந்தார்கள். மறுநாள் கடையில் மீசை ஐயாவுக்கு வடைமாலை. எனக்கு இரண்டு வடை தந்தார்கள்.

பருத்தித்துறையில் இருந்து

புதுப் பாஸ்போட் வந்ததும் புவனேந்திரன் போகும் இடத்துக்கு விசா எடுத்துக் கொடுத்தவன் நான்தான். பிறந்த நாட்டுக்கு உல்லாசப் பயணி. நோக்கம் என்ற இடத்தில் பொழுதுபோக்கு என்று போட்டேன். வேறு பொருத்தமான பெட்டி அங்கே இல்லை.

அவர் ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, நான் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சாந்தியின் போன் அடித்தது. பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். பின்னால் காகம் கரைவதும் யாரோ தேங்காய் துருவுவதும் கேட்டது.

“அண்ணை, அக்கா என்னைப் பாத்திட்டா. மற்றக் கண் நல்லாய்த் தெரியுது.”

“என்ன சொன்னவ?”

“கிழவனாய்ப் போனாய் எண்டவ. தலைமயிரை எண்ணிப்போட்டா. எத்தினை நாளைக்கு எண்டு கேட்டா. முப்பது நாள்தான் விசா எண்டன். பிறந்த வீட்டிலை நிக்கிறதுக்கும் ஆரிட்டையோ கேக்க வேணுமோ எண்டு ஒரே ஏச்சு. இப்பவும் ஏசிக்கொண்டுதான் நிக்கிறா.”

உண்மைதான். தூரத்தில் அந்த ஏச்சு எனக்கும் கேட்டது. நல்ல உரத்த, உடல்நலமுள்ள ஏச்சு.

“அண்ணை, பாஸ்போட் எப்பிடிக் கிடைச்சது எண்டு மேஜரின்ரை கதையைச் சொன்னனான். முழுக்க இருந்து கேட்டவ. இப்ப ஒரு கேள்வி கேக்கிறா. எனக்குத் தெரியேல்லை. உங்களிட்டைக் கேக்கட்டாம்.”

“கேளும்.”

“அந்த மனிசன்ரை கால் பேந்து சுகம் வந்ததோ எண்டு கேக்கிறா.”

நான் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஓவியர் இடுப்போடு நிறுத்தியிருந்தார். நூலின் அந்த ஒன்றரைப் பக்கத்தை மனதுக்குள் ஒருமுறை வரிவரியாகப் புரட்டினேன். மனுக்கள் இருந்தன, பட்டம் இருந்தது, கோவா இருந்தது; கால் என்ன ஆனது என்று மட்டும் இல்லை. தேங்காய் உடைத்தவர்களும் பரீட்சை பாஸானவர்களும் நானும் அந்த மனிதரை எத்தனை நாள் பார்த்திருக்கிறோம்; இதை ஒருவரும் கேட்டதில்லை.

“அண்ணை, லைனிலை நிக்கிறீங்களோ? அக்கா பக்கத்திலை நிக்கிறா.”

“சுகம் வந்திட்டுது, நல்லாய் நடந்து திரிஞ்சவர் எண்டு சொல்லும்,” என்றேன்.